வீட்டில் ஒரு முழு நாள் பேசாமல் இருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பேசுவதில்லை. ஏழு ஆண்டுகளாக இப்படி. அதற்காக எங்கும் போவதில்லை. சொந்த வீட்டில், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரு நாய் ஆகியோர் நடுவில்தான். விஷயம் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். நான் துறவி இல்லை, மருத்துவர் இல்லை, யாருக்கும் எதையும் கற்றுத்தருபவளும் இல்லை. நன்றாக வாயாடுகிறவள். அதனால்தான் இது தேவைப்பட்டது.

எதற்காகப் பேசாமல் இருக்க வேண்டும்?

எல்லோருக்கும் பொருந்தும் காரணம் என்னிடம் இல்லை. என் காரணத்தைச் சொல்கிறேன். ஒரு நாள் இரவு, அலமாரிச் சாவியைக் கடைசியாக எடுத்தது யார் என்று கணவருக்கும் எனக்கும் வாக்குவாதம். அரை மணிநேரம் விடாமல் வாதாடி, அவர்தான் எடுத்தார் என்று நிரூபித்துவிட்டேன். அதற்குப் பிறகு அன்றிரவு வீட்டில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலையில் சாவி என் கைப்பையில் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, வெட்கம் பாதி, சோதித்துப் பார்க்கும் ஆசை பாதி, வாயை மூடிக்கொண்டேன்.

அமெரிக்காவில் ஜான் பிரான்சிஸ் என்று ஒருவர். 1971-இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதைப் பார்த்தவர், மோட்டார் வாகனங்களில் ஏறுவதையே விட்டார். போகிற இடமெல்லாம் அதைப் பற்றி யாரோடாவது வாதாட வேண்டியிருந்தது. 1973-இல் தம்முடைய 27-ஆவது பிறந்தநாளில், வாதத்துக்கு ஒரு நாள் விடுமுறை கொடுக்கலாம் என்று பேசாமல் இருந்தார். அந்த ஒரு நாள் 17 ஆண்டுகளாக நீண்டது. பிறர் பேசும்போது, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தமக்குத் தெரிந்துவிட்டதாகத் தோன்றும் வரைக்கும்தான் அதுவரை தாம் கேட்டுவந்ததாகப் பின்னால் அவர் சொன்னார். அதற்குப் பிறகு மனம் பதிலைத் தயாரிக்கப் போய்விடுமாம்.

எனக்கும் அதே இடத்தில்தான் உறைத்தது. பதில் சொல்லும் வசதி இல்லை என்றானதும், எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதாகிவிடுகிறது. என் கணவர் தம் வாக்கியங்களை எப்படி முடிப்பார் என்பதே திருமணமாகிப் பல ஆண்டுகள் கழித்து அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மிகையாகச் சொல்லவில்லை.

ஒரு நாளில் நாம் அப்படி என்ன பேசிவிடுகிறோம்?

சுமார் 400 கல்லூரி மாணவர்களின் உடம்பில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை மாட்டி எடுத்த கணக்கு ஒன்று 2007-இல் வெளியானது. சராசரியாக ஒரு நாளைக்கு ஒருவர் 16,000 சொற்கள் பேசியிருந்தார்கள். ஆண், பெண் இருபாலருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பெண்கள்தான் அதிகம் பேசுகிறார்கள் என்று எங்காவது யாராவது ஆரம்பித்தால் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுவேன். மௌன நாளில் மட்டும் விட்டுவிடுவேன், அது பெரிய வேதனை.

ஒரு நாள் என்றால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

நான் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு ஆரம்பித்து ஞாயிறு இரவு 9 மணிக்கு முடிக்கிறேன். காலையில் ஆரம்பிக்கலாம் என்று வைத்தால் தோல்விதான். தூக்கக் கலக்கத்தில் வாயிலிருந்து தானாக வரும் முதல் சொல்லை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. முந்தின இரவே தொடங்கினால் மௌனத்தோடு தூங்கி மௌனத்தோடு எழுந்திருக்கிறோம்; முதல் எட்டு மணிநேரம் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

முதல் தடவை என்றால் நண்பகல் வரைக்கும் போதும். மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், எல்லோருக்கும் எல்லாமும் வேண்டியிருக்கும். அந்த இரண்டு மணிநேரத்தைத் தாண்ட இன்னும் எனக்கே கஷ்டம்.

வீட்டாரிடம் எப்படிச் சொல்வது?

இதைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. செய்யாவிட்டால் மீதி எதைச் செய்தும் பயனில்லை.

முதல் தடவை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்வதுதான் உயர்ந்தது என்று ஏதோ ஒரு நினைப்பு. காலையில் கணவர் ஏதோ கேட்டார், நான் புன்னகைத்தேன். மறுபடி கேட்டார், மறுபடி புன்னகை. பத்து மணிக்குள் மூத்தவள், “அம்மாவுக்கு என்ன ஆயிற்று?” என்று பாட்டியிடம் போய்க் கேட்டு, பாட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கடைசியில் கணவர் என் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். பத்தரை மணிக்கு நான் பேசிவிட்டேன். பேசியது நல்ல வார்த்தை இல்லை.

இப்போது இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என்னிடமிருந்து யாருக்கு என்ன தேவை என்று கேட்டு, சனிக்கிழமைக்குள் முடித்துவிடுகிறேன். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டுகிறேன்: “இன்று நான் பேசவில்லை. யார்மேலும் கோபம் இல்லை. இரவு 9 மணிக்குப் பேசுவேன். உடம்புக்கு ஏதாவது என்றால் உடனே கூப்பிடுங்கள்.” இரண்டாவது வாக்கியத்தை எழுத மறக்காதீர்கள். வீட்டில் ஒருவர் பேசாமல் இருந்தால் மற்றவர்கள் முதலில் தேடுவது, தாங்கள் என்ன தவறு செய்தோம் என்பதைத்தான்.

கிண்டல் இருக்கும். என் கணவர் முதல் சில மாதங்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஏதாவது சொல்லிவிட்டுப் போவார், நான் திருத்துகிறேனா என்று பார்க்க. சின்னவன் அவரைவிடக் கெட்டிக்காரன். அனுமதி கேட்க வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை கேட்பான். “அம்மா, இரவு நண்பன் வீட்டில் தங்கலாமா? மௌனம் சம்மதம், சரி!” என்று ஓடிவிடுவான். அதனால் எங்கள் வீட்டில் ஒரு விதி வந்தது: அன்று மட்டும் மௌனம் சம்மதம் ஆகாது, அனுமதியெல்லாம் அப்பாவிடம்.

மாமியாருக்குத்தான் எந்தச் சிரமமும் இல்லை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். என் பதில்கள் எப்போதுமே அவருக்குச் சரியாகக் கேட்டதில்லை. அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து விஸ்தாரமாகப் பேசுவார், நான் தலையாட்டிக்கொண்டே கேட்பேன். மாதத்தில் எங்களுக்குள் மிகச் சுமுகமான நாள் அது.

கோபத்தில் பேசாமல் இருப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் கவனம் வேண்டும்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் இருப்பது தண்டனை. அதில் எதிராளிக்கு முடிவு நேரம் தெரியாது, காரணமும் பல சமயம் தெரியாது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், கணினியில் பந்து எறியும் விளையாட்டில் ஒருவரை மட்டும் மற்றவர்கள் சேர்த்துக்கொள்ளாமல் விட்டபோது அவருடைய மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். உடல் வலியின்போது இயங்கும் பகுதி ஒன்று அப்போதும் இயங்கியது. முன்பின் தெரியாதவர்கள் திரையில் பந்து போடாததற்கே இந்தக் கதி என்றால், ஒரே கூரையின் கீழ் இருப்பவர் பேசாவிட்டால் எப்படி இருக்கும்?

ஆகவே தீராத சண்டை ஏதாவது இருந்தால் அந்த வாரம் மௌனம் வேண்டாம். முதலில் சண்டையைப் போட்டு முடியுங்கள். நான் இதுவரை இரண்டு முறை தள்ளி வைத்திருக்கிறேன். ஒரு முறை தள்ளி வைக்காமல், மௌனம் என்ற பெயரில் கணவரைப் பழிவாங்கியும் இருக்கிறேன். அவருக்கு அது தெரிந்துவிட்டது, எனக்கும் தெரியும்.

எழுதிக் காட்டலாமா? சைகை செய்யலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. செய்யலாம் என்று விடுவதா, கூடாது என்று தடுப்பதா என்று நானும் வெகுநாள் குழம்பினேன்.

ஆன்மிக குரு மெஹர் பாபா 1925 ஜூலை 10 முதல் 1969-இல் இறக்கும் வரை பேசவில்லை. ஆனால் நெடுங்காலம் எழுத்துப் பலகையில் விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சுட்டி எல்லாவற்றையும் சொல்லிவந்தார். 1954-இல் அதையும் விட்டு, கைச்சைகைக்கு மாறினார். ஐரோப்பியக் கிறித்தவ மடங்களில் பேச்சுக்குத் தடை இருந்ததால், பத்தாம் நூற்றாண்டிலேயே பிரான்சின் கிளுனி மடத்துத் துறவிகள் சைகைகளை வகுத்து வைத்திருந்தார்கள். அது எங்கே போய் முடிந்தது தெரியுமா? 1180 வாக்கில் இங்கிலாந்தின் கேன்டர்பரி மடத்தில் விருந்துண்ட வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் என்ற பாதிரியார், துறவிகள் விரலும் கையும் புயமுமாக நாடகக்காரர்களைப் போல ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, இதற்கு ஒழுங்காக வாய்விட்டே பேசலாம் என்று எழுதி வைத்தார்.

எங்கள் வீட்டிலும் கேன்டர்பரிதான் நடந்தது. இரண்டாவது மாதம், ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு 11 பக்கம் எழுதித் தள்ளினேன். வாய்க்குப் பதில் பேனா பேசியது, அவ்வளவுதான். அதிலும் கொடுமை, நான் எழுதி முடிக்கும் வரை மற்றவர்கள் காத்து நிற்க வேண்டியிருந்தது. பேசியிருந்தால் அவர்களுக்காவது நேரம் மிச்சமாகியிருக்கும்.

இப்போது என் கணக்கு இது. தலையசைத்து ஆம், இல்லை சொல்லலாம். கைகாட்டி ஒரு பொருளைக் கேட்கலாம். ஒரு நாளைக்கு மூன்று துண்டுச் சீட்டு மட்டும் வைத்துக்கொள்கிறேன். அவசியம் என்றால் அதில் எழுதித் தருவேன். மூன்றுதான் இருக்கிறது என்றால் எது அவசியம் என்று தானாகவே தெரிந்துவிடும். காலையில் இரண்டை வீணாக்கிவிட்டு மாலையில் முழித்திருக்கிறேன். விளக்கம், திருத்தம், “நான் அப்போதே சொன்னேன்” ஆகிய மூன்றுக்கும் சீட்டுச் செலவு செய்வதில்லை.

சொல்லத் தோன்றியதை எல்லாம் தனியாக எழுதி வைத்துக்கொண்டால்?

வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் காட்டாதவரை. ஒரு முறை அப்படி வைத்ததில் இரவுக்குள் 31 குறிப்புகள் சேர்ந்துவிட்டன. மறுநாள் காலையில் படித்தபோது சொல்ல வேண்டியவை என்று தேறியது நான்கு. அதில் ஒன்று, குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்பது. மற்ற 27-இல் பெரும்பகுதி பிறர் சொன்னதற்கு மறுப்பு.

கைப்பேசி?

அணைத்து வைத்துவிடுங்கள். வாயை மூடிக்கொண்டு கட்டைவிரலால் நாள் முழுவதும் செய்தி அனுப்புகிறவர் மௌனத்தில் இல்லை. வெளியூரில் வயதான பெற்றோர் இருந்தால், அவர்களுக்கு முன்பே சொல்லி, வீட்டில் உள்ள இன்னொருவரின் எண்ணைக் கொடுத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பேச்சை விட்டதைவிடக் கைப்பேசியை விட்டதுதான் எனக்குக் கடினமாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் ஆண்டு முழுவதும் அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, நேரம் பார்க்கப் போவதுபோலப் போய்ப் போய் வருவேன். சுவரில் கடிகாரம் இருக்கிறது.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் முடியுமா?

பேசப் பழகும் வயதில் குழந்தை இருந்தால், அதுவும் நீங்கள் ஒருவரே பார்த்துக்கொள்பவர் என்றால், இதைத் தள்ளிப் போடுங்கள். கைக்குழந்தைக்கு உங்கள் குரல் தேவை. அந்தக் குரல் எப்போது வரும் என்று குழந்தைக்குத் தாளில் எழுதிக் காட்ட முடியாது. வேறொருவர் முழுப் பொறுப்பு எடுத்துக்கொண்டால் அரை நாள் முயலலாம்.

ஐந்தாறு வயதுக்கு மேல் என்றால் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. அம்மாவைச் சிரிக்க வைப்பது ஒரு போட்டி, பேச வைப்பது இன்னொன்று. சிரிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. சிரிப்பு சொல் இல்லை.

அழைப்பு மணி அடித்தால்?

வீட்டில் வேறு யாராவது திறக்கட்டும். யாரும் இல்லாவிட்டால் திறந்து, புன்னகைத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வந்தவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை என்பது என் அனுபவம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வாசலில் பத்து நிமிடம் நின்று பேசிவிட்டு, “உங்களோடு பேசியதில் மனசு லேசாயிற்று” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாயிடம் பேசலாமா?

கூடாது. சொல்லும்போதே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வீட்டில் மனிதர்களோடு பேசாமல் இருந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நாயிடம் எல்லாவற்றையும் கொட்டிய ஆள் நான். பிறகுதான் கவனித்தேன், நான் நாயிடம் சொல்வது முழுவதும் நாய்க்கு வேண்டியது இல்லை. கணவர் காதில் விழட்டும் என்று சொல்வது பாதி. இப்போது அன்று மட்டும் விரல் சொடுக்கித்தான் கூப்பிடுகிறேன். வருகிறது. அதுவும் என்னை உற்றுப் பார்க்கிறது, வழக்கத்தைவிட அதிகமாக. பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது என்று கேள்விப்படுகிறேன்.

செடி, கடவுள், கண்ணாடியில் தெரியும் முகம் ஆகியோரிடமும் வாய்விட்டுப் பேச வேண்டாம். பிரார்த்தனை மனதுக்குள் இருக்கட்டும். தூக்கத்தில் பேசுவது கணக்கில் வராது.

படிக்கலாமா? பாட்டு கேட்கலாமா? தொலைக்காட்சி?

வாய்மூடி இருப்பது மட்டும் நோக்கம் என்றால் எல்லாம் செய்யலாம். ஆனால் மற்றவர் பேச்சை நாள் முழுவதும் காதில் ஊற்றிக்கொண்டிருந்தால், மனதுக்குள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருப்போம். தொலைக்காட்சி விவாதம் ஒன்றை அரை மணிநேரம் மௌனமாகப் பார்த்தேன். பேசாமல் இருந்ததிலேயே அதிகம் களைத்த அரை மணிநேரம் அது.

பாட்டைப் பற்றி எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், விதவிதமான இசையைக் கேட்கவைத்து, கேட்பவர்களின் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். நடுவே இரண்டு நிமிடம் இசையை நிறுத்தினார்கள். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் மூச்சும் அதிகம் தணிந்தது அந்த இடைவெளியில்தான். இசை தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடவும் தணிந்திருந்தது. ஆகவே பாட்டு கேட்டால், முடிந்ததும் அடுத்ததைப் போடாமல் கொஞ்சம் விட்டுப் பாருங்கள்.

படிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சிலர் அதையும் விடச் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டில் மாலை ஆறு மணி எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

வாய் மூடிக்கொண்டாலும் மனம் ஓயாமல் பேசுகிறதே?

பேசும். வெளியே பேசுவதை உள்ளே இழுத்துக்கொண்டதுதான் மனப்பேச்சு என்பது ரஷ்ய உளவியலாளர் விகோட்ஸ்கியின் கருத்து. சிறு பிள்ளைகள் விளையாடும்போது தமக்குத் தாமே சத்தமாகச் சொல்லிக்கொள்கிறார்கள் அல்லவா, “இதை இங்கே வை, அதை அங்கே வை” என்று? அது வளர வளர உள்ளே போய்ச் சத்தமில்லாமல் ஆகிவிடுகிறது என்றார். அப்படி இருக்க, ஒரே நாளில் அதை நிறுத்தப் பார்ப்பது பேராசை.

சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு 2014-இல் வந்த ஓர் ஆய்வு சாட்சி. ஆட்களை வெற்று அறையில் 15 நிமிடம் தனியாக உட்காரவைத்தார்கள். செய்ய ஒன்றும் கிடையாது. ஒரு பொத்தான் மட்டும் உண்டு, அழுத்தினால் லேசான மின்னதிர்ச்சி. அந்த அதிர்ச்சியை வாங்காமல் இருக்கக் காசு கொடுக்கவும் தயார் என்று முன்பு சொன்னவர்கள்தான் அவர்கள். இருந்தும் 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்திவிட்டார்கள். நம் வீட்டில் பொத்தான் இல்லை. கைப்பேசி இருக்கிறது.

எனக்கு உதவுவது கைவேலை. அலமாரியைத் துடைப்பது, துணி மடிப்பது, கிழிந்ததைத் தைப்பது. கை ஓடினால் மனதின் குரல் நிற்காது, ஆனால் தாழ்ந்துவிடும். நண்பகலுக்குப் பிறகு ஓர் இருபது நிமிடமாவது, நான் எதையும் யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை என்று தோன்றும் நேரம் வரும். அதைக் கவனித்த உடனே மனம் அதையும் விளக்க ஆரம்பித்துவிடும். போகட்டும்.

காதுக்குள் ரீங்காரம் கேட்கிறது. பயப்பட வேண்டுமா?

வீடு அடங்கியதும் மெல்லிய ரீங்காரம் கேட்பது பலருக்கும் உண்டு. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலிபுகா அறையில் சில நிமிடம் உட்காரவைத்துக் கேட்டபோது, 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். ஆகவே மௌன நாளில் மட்டும் லேசாகக் கேட்டால் கவலை வேண்டாம். எப்போதும் கேட்டால், ஒரு காதில் மட்டும் கேட்டால், தலைசுற்றலோ காது மந்தமோ சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றபடி அன்று வீட்டின் சத்தங்களைக் கேட்க எனக்குப் பிடிக்கும். குளிர்பதனப் பெட்டி ஓடுவது யாருக்கும் தெரியாது; அது ஓடி நிற்கும் அந்த நொடியில்தான் இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தது தெரியும்.

குரலுக்கு இது நல்லதா?

களைத்த குரலுக்கு ஓய்வு நல்லதுதான். பேசும்போது ஆணின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 100 தடவையும் பெண்ணுடையவை 200 தடவையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. நாளெல்லாம் பேசும் ஆசிரியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வாய்மூடி இருந்தால் திங்கட்கிழமை வித்தியாசம் தெரியும்.

ஆனால் “சத்தமாகத்தானே பேசக் கூடாது” என்று கிசுகிசுக்காதீர்கள். கிசுகிசுக்கும்போது பலர் தொண்டையை இறுக்கிக்கொள்கிறார்கள். அது ஓய்வு ஆகாது. அடிக்கடி தொண்டையைச் செருமுவதும் அப்படியே. தண்ணீர் குடியுங்கள். குரல் கம்மல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மௌனம் மருந்தில்லை, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

அமைதியாக இருந்தால் மூளையில் புதிய செல்கள் வளருமாமே?

எலிகளுக்கு. 2013-இல் வந்த ஆய்வில் தினம் 2 மணிநேரம் அமைதியில் வைத்த எலிகளின் மூளையில், நினைவோடு தொடர்புள்ள பகுதியில் புதிய செல்கள் கூடுதலாகத் தென்பட்டன. இதைச் சுற்றுக்கு விட்டவர்கள் எலி என்ற சொல்லை வழியில் எங்கோ தொலைத்துவிட்டார்கள். மாதம் ஒரு நாள் வாய்மூடி இருந்ததில் என் நினைவாற்றல் வளரவில்லை. சாவி இன்னும் கைப்பையில்தான் தொலைகிறது.

அவசரம் வந்தால்? தவறிப் பேசிவிட்டால்?

அவசரம் என்றால் பேசுங்கள். யாராவது விழுந்தால், கேஸ் வாடை வந்தால், பிள்ளை அழுதால் விரதமாவது ஒன்றாவது.

காந்தியடிகள் திங்கட்கிழமைகளில் பேசுவதில்லை. இந்தியாவைப் பிரிக்கும் திட்டத்தைத் தலைவர்களிடம் வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் சொன்ன 1947 ஜூன் 2-ஆம் தேதியும் ஒரு திங்கட்கிழமை. மவுண்ட்பேட்டனுக்கு எதிரில் உட்கார்ந்து, பழைய கடித உறைகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதித்தான் காந்தி பதில் சொன்னார். திங்கள் மௌனத்தை எடுத்துக்கொண்டபோதே இரண்டு விலக்குகள் வைத்திருந்ததாகவும் அதில் எழுதினார்: உயர் பொறுப்பில் இருப்பவர்களோடு அவசர விஷயம் பேசுவது, நோயாளிகளைக் கவனிப்பது. முதல் விலக்கு அன்றைக்குப் பொருந்தும். இருந்தும் அவர் அதைப் பயன்படுத்தவில்லை. அவர் செய்தது சரியா என்று வரலாறு படித்தவர்கள் வாதாடட்டும். எனக்கு அதில் பிடித்தது, விலக்குகளை முன்கூட்டியே எண்ணி வைத்திருந்தது. நாம் அந்த நேரத்தில் உட்கார்ந்து விதியை வளைத்தால், எல்லாமே அவசரமாகத்தான் தெரியும்.

தவறி ஒரு சொல் வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். “ஐயோ, பேசிவிட்டேனே!” என்று சொல்வதால் இன்னும் இரண்டு சொல் செலவாகிறது. நாள் கெட்டுப்போய்விட்டது என்று அன்றைக்கே மூட்டை கட்டவும் வேண்டாம். சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டு நான் கத்தாத மௌன நாள் குறைவு.

யார் செய்யக் கூடாது?

மனச்சோர்வில் இருப்பவர்கள், சமீபத்தில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள், தனியாக இருந்தால் பயமோ பதற்றமோ அதிகமாகும் என்று தெரிந்தவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. அவர்களுக்குத் தேவை பேச ஓர் ஆள். ஞாபக மறதி நோயுள்ள பெரியவரைப் பார்த்துக்கொள்பவர்களும் வேண்டாம். நீங்கள் ஏன் பேசவில்லை என்பதை அவருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை புரியவைக்க வேண்டியிருக்கும். வாயை மூடி இருக்கும்படி வீட்டில் யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினால் அதற்குப் பெயர் வேறு.

நான் தனியாக வாழ்கிறேன். ஏற்கனவே ஞாயிற்றுக்கிழமை யாரோடும் பேசுவதில்லையே?

அப்படியானால் உங்களுக்கு இது விடுமுறை ஆகாது. ஞாயிற்றுக்கிழமை யாரையாவது பார்க்கப் போங்கள். வேண்டுமானால் எங்கள் வீட்டுக்கு வரலாம், மாதத்தில் மூன்று ஞாயிறு நான் பேசுவேன்.

9 மணி அடித்ததும் முதலில் என்ன பேசுவது?

ஆரம்பத்தில் இதற்காக நான் அழகான வாக்கியம் எல்லாம் யோசித்து வைத்திருந்ததுண்டு. எட்டே முக்காலுக்கே எல்லோரும் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், நான் ஏதோ பெரிதாகச் சொல்லப்போவதுபோல. அந்தப் பக்கம் சின்னவன் விநாடி எண்ணுவான். முதல் முறை 9 மணிக்கு வாய் திறந்தபோது குரல் கரகரத்து, யோசித்து வைத்தது மறந்து, “குளியலறைக் குழாய் சொட்டுகிறது” என்றேன்.

கணவர், “தெரியும், மத்தியானமே வாஷர் மாற்றிவிட்டேன், நீதான் பார்த்துக்கொண்டிருந்தாய்” என்றார்.